பத்தாம் வகுப்பு ஜெயித்தவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான சட்டத்தைத் திருத்தக் கேட்பது வீண் வேலை என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். குமரி மாவட்டத்தையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார். ஆகவே இந்த மாவட்டத்துக்காரன் ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும். நான் கடற்கரைப் பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று சவூதியிலும் பஹ்ரைனிலும் கத்தாரிலும் ஈரானிலும் கடலில் கிடக்கிறார்கள்.

அவர் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலேயே அதிகம் படித்தவர்கள் குமரிக்காரர்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தே போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பாதுகாவலரை நியமிப்பது அவமானம். டெல்லியில் போடும் சட்டம் ரியாத்தில் செல்லாது. கெடுபிடி செய்தால் வேலை நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் போய்விடும். 2019, 2021, 2025 என்று வரைவு மேல் வரைவாக வந்தும் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது. எனவே சட்டத்தை விட்டுவிட்டு மக்களுக்கு விழிப்புணர்வு கொடுங்கள்.

முதல் வாதத்தில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். மற்ற மூன்றும் அதன் தோளில் ஏறித்தான் நிற்கின்றன.

படிப்பைப் பற்றி அவர் சொல்லும் கணக்கு சரி. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். ஆனால் அந்தப் படிப்பை வைத்துச் சட்டம் எங்கள் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று அவர் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதுகிறேன். இன்றும் கையில் இருப்பது 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம். அதன்படி பத்தாம் வகுப்பு ஜெயிக்காதவனுடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று, ஊரில் சொல்வதுபோலச் சொன்னால் 'இசிஆர்' என்று, அச்சடித்திருக்கும். அவன் வளைகுடா நாடுகள், மலேசியா, லிபியா, ஜோர்டான் என்று நீளும் 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு வேலை ஒப்பந்தம் பதிவாக வேண்டும். அனுப்புகிற ஏஜெண்ட் யார் என்று தெரிய வேண்டும். விபத்தில் செத்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு ஜெயித்துவிட்டால் இதில் ஒன்றும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அதை 'இசிஎன்ஆர்' என்பார்கள். அவன் எந்த ஏஜெண்ட் மூலம் போனான், என்ன வேலைக்குப் போனான், எவ்வளவு சம்பளம் பேசினான் என்று அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. விமான நிலையத்தைத் தாண்டிய பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள நாட்டுக்கு வழியே கிடையாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த மாவட்டத்தில் அதிகம் பேர் பத்தாவது ஜெயிக்கிறார்களோ அந்த மாவட்டத்தில்தான் அதிகம் பேர் சட்டத்துக்கு வெளியே போகிறார்கள். வருஷா வருஷம் மே மாதம் மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுத்து, 'ஜெயிச்சிட்ட மக்களே' என்று தோளில் தட்டி அனுப்பியவன் நான். அந்தத் தாள்தான் அவனைப் பாதுகாப்பிலிருந்து நீக்கும் தாள் என்று எனக்கு அன்று தெரியாது. குமரிக்காரர் படித்தவர், அவருக்குச் சட்டம் வேண்டாம் என்று கட்டுரையாளர் புதிதாக எதையும் சொல்லவில்லை. சட்டம் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் அநியாயத்தையே தீர்வு என்று எழுதியிருக்கிறார்.

எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தே போடுகிறார்களாம். ஈரானிலிருந்து திரும்பிய என் மாணவன் ஒருவன் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தான். உப்புக் காற்றில் மடிப்புகள் நைந்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. முழுதும் பாரசீக எழுத்து. அடியில் நீல மையில் ஒரு முத்திரை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தில் அவன் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்று மூன்று வாங்கியவன். "வாசிச்சிட்டுத்தான் ஒப்பு போட்டேன் சாரே. எனக்கு வாசிக்க முடிஞ்சது எம்பேரு மட்டுந்தான்" என்றான்.

ஊரில் பேசும்போது மாசச் சம்பளம் என்று சொன்னார்கள். அங்கே போய் இறங்கினால் சம்பளம் கிடையாது, பங்கு. பிடிக்கிற மீனில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து லாஞ்சுக்காரர் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு. மீன் கிடைக்காத மாதம் அவன் முதலாளிக்குக் கடன்காரன். பாஸ்போர்ட் இறங்கிய அன்றைக்கே முதலாளி கைக்குப் போய்விட்டது. பங்கு என்பது எங்கள் கடற்கரைக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே கரையில் பத்துப் பேர் பார்க்க மீன் ஏலம் போகும், விலை எல்லோருக்கும் கேட்கும், கணக்கு அன்றைக்கே தீரும். அங்கே என்ன விலைக்குப் போயிற்று என்று முதலாளி சொன்னதுதான் கணக்கு. அவனுடைய படிப்பு அவனுக்கு எந்த இடத்தில் உதவியிருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எனக்குக் காட்டட்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மேலே சொன்ன 18 நாடுகளில் ஈரான் இல்லை. அதாவது என் மாணவன் பத்தாவதில் தோற்றிருந்தாலும் இந்தச் சட்டம் அவனைக் கண்டுகொண்டிருக்காது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எங்கள் கடற்கரையில் ஈரானுக்குப் போய் வந்தவன் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது அவர்கள் ஈரானின் தெற்குக் கரையில் லாஞ்சுகளிலேயே மாட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கும் குடிதண்ணீருக்கும் கையேந்தி அவர்கள் அனுப்பிய வீடியோக்களை ஊரில் தாய்மார் போனில் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியில் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. அதில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர். அந்த மாதங்களில் பங்குச் சாமியார்களும் மீனவர் அமைப்புக்காரர்களும்தான் ஊர் ஊராகப் பெயர் எழுதிப் பட்டியல் தயாரித்தார்கள். ஒரு நாட்டில் தன் குடிமக்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் அரசாங்கம் கோயில் நோட்டுப் புத்தகத்தை நம்பியிருந்தது. ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரான் மேல் குண்டு போட்டபோதும் எங்கள் ஊர்களில் அதே நோட்டு, அதே பட்டியல்.

படித்தவனுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்பது அரசாங்கமே கைவிட்ட கொள்கை என்பதையும் கட்டுரையாளர் மறைத்துவிட்டார். நர்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது என்ன, பட்டமே வாங்கியவர்கள். குவைத்துக்கு நர்ஸ் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏஜெண்டுகள் லட்சம் லட்சமாகக் கறந்தது வெளியே வந்ததும், 2015-இல் மத்திய அரசு என்ன செய்தது? அந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்சுகள் எவ்வளவு படித்திருந்தாலும் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஏமாற்று எங்கே நடக்கிறது என்பதைப் பார்த்து எடுத்த முடிவு அது. நர்சுக்குப் பொருந்திய நியாயம் கடலோடிக்கு ஏன் பொருந்தாது?

கெடுபிடி பற்றி அவர் சொல்வதை ஓர் இடத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன். 2018 நவம்பரில் வெளியுறவுத் துறை, இசிஎன்ஆர் பாஸ்போர்ட்காரர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், செய்யாதவர்கள் விமான நிலையத்தில் இறக்கிவிடப்படுவார்கள் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே வாரத்தில் நிறுத்திவைத்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வைத்துத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. 30 வயதாகாத இசிஆர் பெண் அந்த நாடுகளுக்கு வேலைக்கே போகக்கூடாது என்கிற விதியும் அப்படித்தான். அது அவளை விசிட் விசா வழியாக இன்னும் மோசமான கைகளில் தள்ளிவிடுகிறது. தொழிலாளியைத் தடுத்து நிறுத்துகிற சட்டம் எனக்கும் வேண்டாம். அனுப்புகிறவனைக் கட்டிப்போடுகிற சட்டம் வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாதவர்போல அவர் எழுதிக்கொண்டு போகிறார்.

டெல்லிச் சட்டம் ரியாத்தில் செல்லாது என்பது அடுத்த வாதம். பணம் ரியாத்திலா கை மாறுகிறது? குளச்சலில், மார்த்தாண்டத்தில், நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடி அறைகளில் கை மாறுகிறது. தாலிச் சங்கிலியை அடகு வைத்து, வள்ளத்தை விற்று, வட்டிக்கு வாங்கி எடுத்து வந்த பணம் அது. அரசாங்க விதிப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். அதற்குள் விசா வாங்கிப் போனவன் ஒருவனை எங்கள் கடற்கரையில் நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, மீறியவனுக்குத் தண்டனை என்ன? 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. நாற்பது வருஷம் கழிந்தும் அந்த அபராதத் தொகை அப்படியே நிற்கிறது. ஏமாந்தவனோ அவன் நெருங்கிய உறவினரோ புகார் செய்தால் தவிர, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்தவும் முடியாது. இந்த இரண்டு வரியைத் திருத்த எந்த அரபு மன்னரின் சம்மதம் வேண்டும்?

அந்நிய மண்ணில் நடப்பதற்கும் உள்ளூரில் ஆள் பிடித்தவனைப் பொறுப்பாக்க முடியும் என்று பிலிப்பைன்ஸ் செய்து காட்டியிருக்கிறது. 1995 மார்ச்சில் ஃப்ளோர் கான்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். நாடே கொந்தளித்தது. அதே வருஷம் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. அங்கே முதலாளி சம்பளம் தரவில்லை என்றால் இங்கே ஆள் அனுப்பிய ஏஜென்சி முதலாளியோடு சேர்ந்து முழுத் தொகைக்கும் பொறுப்பு. தொழிலாளி மணிலாவில் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் அவர்களுக்கென்று தனி அமைச்சகமே உண்டாக்கினார்கள். அந்த விதி நம்மிடம் இருந்திருந்தால் என் மாணவன் பாரசீக எழுத்துத் தாளோடு என் திண்ணைக்கு வந்திருக்க வேண்டாம். நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் போயிருப்பான்.

அங்கே உள்ள சட்டங்கள் சீர்திருந்திவிட்டன என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறார். கத்தார் 2020-இல் வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டாம் என்று ஆக்கியது, 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் வைத்தது. சவூதி 2021 மார்ச் 14 முதல் கஃபீல் என்கிற முதலாளியின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் யாருக்கு? 2005-ஆம் வருஷத்துச் சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, 500 டன்னுக்குக் குறைந்த கலங்களில் வேலை செய்யும் கடல் தொழிலாளர்களை வெளியே நிறுத்துகிறது. கத்தாரின் 2004 சட்டமும் கடலில் வேலை செய்பவர்களைச் சேர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகள் போகும் லாஞ்சு எதுவும் 500 டன் கிடையாது. இங்கே மதிப்பெண் பட்டியல் அவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது, அங்கே படகின் எடை தள்ளுகிறது. இரண்டு கரையிலும் இடமில்லாமல் நடுக்கடலில் நிற்கிறவனைப் பார்த்து, உனக்கு எல்லாம் தெரியும், நீ படித்தவன் என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

கடல் வேலைக்கு உலகச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. சரக்குக் கப்பலில் போகிறவனுக்கு 2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் உண்டு. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஒப்பந்தம் மீன்பிடிக் கலங்களைச் சேர்க்காது. மீன்பிடிக் கலங்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் ஒப்பந்தம் 2007-இல் தயாராகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், ஓய்வு நேரம், நோய்க்கு மருத்துவம், ஊர் திரும்பச் செலவு என்று எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. தாய்லாந்து 2019-இல் ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் சரக்குக் கப்பலில் போகிறான், தம்பி லாஞ்சில் போகிறான். அண்ணனுக்கு உலகமே சாட்சி. தம்பிக்குச் சாமியாருடைய நோட்டு.

கெடுபிடி செய்தால் வேலை நேபாளத்துக்குப் போய்விடும் என்ற பயமுறுத்தலுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இதே காரணத்தைச் சொல்லித்தான் 2020 செப்டம்பரில் மத்திய அரசு வளைகுடா வேலைகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை 30 முதல் 50 விழுக்காடு வரை வெட்டியது. தெலங்கானாத் தொழிலாளர் அமைப்புகள் நீதிமன்றம் போன பிறகு, 2021-இல் அந்த வெட்டு திரும்பப் பெறப்பட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் கூலியைத் தானே குறைத்துக்கொள்ளும் நாட்டை எந்த முதலாளியும் மதிக்க மாட்டான். அவர் பெயர் சொல்லும் நேபாளமே 2015-இல் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் முதலாளிதான் பணம் கட்ட வேண்டும் என்று விதி செய்தது. அமலாக்கத்தில் ஓட்டை நிறைய. ஆனாலும் விதி போட்டதால் அரபு நாட்டுக்காரன் நேபாளியை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. எங்கள் பையன்களின் கைவேலையும் நேற்றுச் சந்தையில் வாங்கியது கிடையாது. நீரோட்டம் பார்த்து மீன்பிடிக் கூடு இறக்கி, கடலில் ஒரு குறியும் இல்லாமல் மறுபடி அந்த இடத்துக்கே வந்து கூடு தூக்குகிறவன் ஒரு வாரப் பயிற்சியில் உருவாவதில்லை. முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும்.

கடைசியாக, சட்டம் வராது என்கிறார். வரைவுகள் கிடப்பில் போனது உண்மை. 2019 ஜனவரியில் ஒன்று, 2021 ஜூனில் ஒன்று. இரண்டாவதில் விதியை மீறும் தொழிலாளிக்கே 50,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருந்தார்கள். ஏஜெண்டின் குற்றத்துக்கு ஏமாந்தவனிடம் தண்டம் கேட்ட அந்த வரைவு போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. 2025 ஏப்ரலில் நாடாளுமன்ற நிலைக்குழு தாமதத்தைக் கண்டித்தது. அக்டோபரில் வெளிநாட்டுப் பணிப்பெயர்வு மசோதாவின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் 1922-இல் வந்த சட்டம் மாற 1983 வரை ஆனது. அறுபத்தொரு வருஷம். தாமதம் நமக்குப் புதிதில்லை. ஆனால் மசோதா மேசையில் இருக்கும்போது, அதில் என்ன எழுத வேண்டும் என்று கத்த வேண்டிய நேரத்தில், கத்தாதே என்று சொல்வது யாருக்கு உதவும்? படிப்பை வைத்துப் பிரிக்காதே, போகிற வேலையை வைத்துப் பார். எந்த நாட்டு லாஞ்சில் போனாலும் கடலோடியைச் சேர். ஒப்பந்தம் அவன் வாசிக்கிற மொழியில் இருக்கட்டும். சம்பளம் வரவில்லை என்றால் அனுப்பியவன் கட்டட்டும். தொழிலாளியிடம் அபராதம் கேட்காதே. இதை எழுத ஒரு பக்கம் போதும்.

மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லப்படுவதும் அரை உண்மை. குடிபெயர்வு மத்தியப் பட்டியலில் இருப்பது சரி. ஆனாலும் பஞ்சாப் 2012-லேயே டிராவல் ஏஜெண்டுகளுக்கு உரிமம் வேண்டும் என்று தன் சட்டமன்றத்தில் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011-லேயே நிறைவேறியது. வாரியம் அமைய அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து வருஷமும் விழிப்புணர்வு முகாம்களுக்குக் குறைவே இருக்கவில்லை.

அந்த முகாம்களில் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். கோயிலை ஒட்டிய மண்டபம். முன் வரிசையில் தாய்மார், பின்னால் சுவரோரம் பையன்கள். வந்திருந்த அலுவலர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். பதிவு பெற்ற ஏஜெண்ட் வழியாக மட்டும் போங்கள், குடிபெயர்வு அனுமதி வாங்குங்கள், காப்பீடு எடுக்க மறக்காதீர்கள் என்றார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் சுவரோரத்தில் ஒருவன் எழுந்தான். என் மாணவனுடைய தம்பி. பத்தாவது ஜெயித்தவன்தான். அண்ணன் வேலை பார்த்த கரைக்கே இவனுக்கும் விசா பேசியிருந்தார்கள்.

"எனக்கு இசிஎன்ஆர் பாஸ்போர்ட் சார். ஈரானுக்குப் போறேன். இதுல எனக்கு எது பொருந்தும்?"

அலுவலர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, எதுவும் பொருந்தாது தம்பி என்றார்.